சோல்ஹெய்மாயோகுல் பனியாற்று நடை: 64 வயசு அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

#1 மழைக்கோட்டு

எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர் ரெண்டாவது வாரம் ஐஸ்லாந்து போறோம். நான், மனைவி, அப்பா, அம்மா. 9 நாள், வாடகைக் கார். ரெய்க்யாவிக்ல இருந்து தெற்குக் கரையோரமா ஸ்காஃப்டஃபெல் வரைக்கும் போய்ட்டுத் திரும்புறதா திட்டம்.

கேள்வி அப்பாவைப் பத்தி. மின்வாரியத்துல லைன்மேனா சேர்ந்து ஃபோர்மேனா ரிட்டயர் ஆனவர். தினமும் ஏரிக்கரையில ஒரு மணி நேரம் நடப்பார். சர்க்கரைக்கு மாத்திரை உண்டு, ஊசி இல்லை. வலது முட்டி மழைக்காலத்துல கொஞ்சம் மக்கர் பண்ணும். யாரோ பூட்ஸ்ல கிராம்பான்ங்கிற இரும்பு முள்ளு கட்டிட்டு ஐஸ் மேல நடக்குற வீடியோ பார்த்ததுல இருந்து "அதுல ஒரு தடவ ஏறிப் பாக்கணும்டா"ன்னு ஒரே பிடி. அம்மா இப்பவே சொல்லிட்டாங்க, காஃபி கடையில உக்காந்திருப்பாங்களாம்.

சோல்ஹெய்மாயோகுல்ல மூணு மணி நேர நடை பார்த்து வெச்சிருக்கேன். ஆளுக்குப் பதினஞ்சாயிரம் குரோனா கிட்ட வருது. ஆபீஸ்ல ஒருத்தர், "கிராம்பான் மட்டும் வாடகைக்கு எடு, கைடு எதுக்கு, காசு தண்டம்"ங்கிறார். போனவங்க சொல்லுங்க.

#2 கரிசல்மண்

நான் ரெண்டு வருஷம் முன்னாடி அங்கேயேதான் போனேன். ஐஸ்லாந்தையே சுத்தி வர்ற ரிங் ரோட்டுல இருந்து 221-ஆம் நம்பர் சாலையில திரும்பினா நாலு கிலோமீட்டர்ல பார்க்கிங். காசு உண்டு, ஆப்ல கட்டிடுங்க.

பார்க்கிங்லயே ஹெல்மெட், ஹார்னஸ் (இடுப்புல கட்டுற பட்டை), கிராம்பான், ஐஸ் கோடரி எல்லாம் குடுத்துடுவாங்க. அங்க இருந்து ஏரி ஓரமா சரளைக்கல் பாதையில இருபது நிமிஷம் நடக்கணும். ஐஸ் ஆரம்பிக்கிற இடத்துலதான் கிராம்பான் கட்டுறது. அதுக்கப்புறம் கைடு காலடி வைக்கிற இடத்துலயேதான் நம்ம காலும், வரிசையா.

நடை கஷ்டமில்லை, ஆனா பழக்கமில்லாத நடை. குதிகால்–முன்கால்னு உருட்டி நடக்கிற பழக்கத்தை மறந்துடணும். மொத்தப் பாதமும் ஒரே நேரத்துல ஐஸ்ல பதியணும், அம்மியில இஞ்சி தட்டுற மாதிரி. ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. இறங்கும்போது முட்டியை லேசா மடக்கி, விரல் நேரா கீழ்ப்பக்கம் பார்க்கணும். பயத்துல பக்கவாட்டுல சரிஞ்சு நின்னா பாதி முள்ளுதான் பிடிக்கும்.

ரெண்டு விஷயம் மட்டும் எழுதி வெச்சுக்குங்க. ஒண்ணு, தொளதொள பேண்ட் போடாதீங்க, முள்ளு மாட்டும். ரெண்டு, போட்டோ எடுக்கணும்னு கையுறையைக் கழட்டாதீங்க, விழுந்தா உள்ளங்கை தோல் போகும். அந்த ஐஸ் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்காது, உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும்.

ஜீன்ஸ் வேண்டாம். நனைஞ்சா காயாது. உள்ள கம்பளி, மேல மழைக்குத் தாங்குற ஜாக்கெட், கணுக்காலை மூடுற பூட்ஸ். பூட்ஸ் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும்.

#3 சும்மாஒருத்தன்

பாஸ், எல்லாரும் ஓவரா பயமுறுத்துவாங்க. நான் போனப்ப அங்க கேட்டும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை. ஐஸ் வரைக்கும் நடந்து போய், கொஞ்சம் மேல ஏறி, செல்ஃபி எடுத்துட்டு வந்தேன். பனிப்பிளவு எல்லாம் கண்ணு முன்னாடி தெரியுது, தெரிஞ்சே எவன் விழுவான்? கைடு காசுல ரெண்டு நாள் சாப்பாடு ஆகும், ஐஸ்லாந்து விலைக்கு அரை நாள்னே வெச்சுக்குவோம் 😀

#4 ஒஸ்லோத்தம்பி

வணக்கம் அண்ணை. நான் நோர்வேயில 22 வருசமா இருக்கிறன். இங்க யோஸ்டால்ஸ்பிரேன் எண்டு மலையளை மூடிக்கிடக்கிற ஒரு பெரிய பனிமூடி இருக்கு, ஐரோப்பியப் பெருநிலத்தில அதுதான் ஆகப் பெரிசு. அதின்ர ஒரு கைதான் நிகார்ட்ஸ்பிரேன். பிள்ளையளோட ரெண்டு தரம் போயிருக்கிறம், ரெண்டு தரமும் வழிகாட்டியோட. அங்க எல்லாரையும் ஒரே கயித்தில கட்டிப்போட்டுத்தான் கூட்டிக்கொண்டு போவினம். என்ர சின்னவன் "அப்பா, எங்களை ஆடு மாதிரிக் கட்டியிருக்கினம்" எண்டான்.

சும்மாஒருத்தன் சொன்னதுக்கு ஒண்டு சொல்லவேணும். 2014 ஓகஸ்ட் மாசம் அதே நிகார்ட்ஸ்பிரேன்ர வாசலில ஐஸ் இடிஞ்சு விழுந்து ஜெர்மனியில இருந்து வந்த தாய் தகப்பன் ரெண்டு பேர் செத்தவை. பிள்ளையள் பார்த்துக்கொண்டு நிண்டதுகள். அவை மேல ஏறேல்லை. தடுப்புக் கயித்தைத் தாண்டி முன்னுக்கு நிண்டதுதான். நீங்கள் கீழ பிளவைப் பாக்கிறியள், தலைக்கு மேல தொங்குறதை ஆர் பாக்கிறது?

#5 சும்மாஒருத்தன்

அது நோர்வே, அது வேற ஐஸ். அதுவும் அவங்க தடுப்பைத் தாண்டினாங்கன்னு நீங்களே சொல்றீங்க. நான் எதையும் தாண்டலை.

#6 யாளி

நான் புவியியல் படிச்சவன், பனியாற்றுல களப்பணி செஞ்சிருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

முதல்ல கயிறு. ஐஸ் மேல பழைய பனித்தூள் மூடியிருந்தா பிளவு தெரியாது, அங்க கயிறு கட்டாம போகவே கூடாது. கோடையில கீழ்ப்பகுதியில தூளெல்லாம் உருகி வெறும் ஐஸ் தெரியும், பிளவும் தெரியும். சோல்ஹெய்மாயோகுல்ல அதனாலதான் கயிறில்லாம வரிசையா கூட்டிட்டுப் போறாங்க. நோர்வேக்காரங்க வெறும் ஐஸ்லயும் கட்டுறாங்க, அது அவங்க வழக்கம். "பிளவு கண்ணுக்குத் தெரியுது"ன்னு சும்மாஒருத்தன் சொன்னது அந்த அளவுக்குச் சரிதான்.

ஆனா கண்ணுக்குத் தெரியாதது தண்ணி. பகல்ல உருகுற தண்ணி மேற்பரப்புல ஓடை ஓடையா ஓடி, ஒரு இடத்துல ஐஸைக் குடைஞ்சு கிணறு மாதிரி உள்ள இறங்கும். மூலான்னு பேர். நேத்து நடந்த பாதைக்கு அடியில இன்னிக்குத் தண்ணி குடைஞ்சிருக்கும். ஓரத்துல ஐஸ் மெலிசா, உள்ள பொந்தா இருக்கும், மேல நின்னா தெரியாது. நீங்க செல்ஃபி எடுத்த ஓரம்தான் இருக்குறதுலயே மோசமான இடம்.

அதுக்காக கைடு இருந்தா சாமி துணைன்னு நெனைக்காதீங்க. 2024 ஆகஸ்ட் 25, வாட்னயோகுல்ங்கிற பெரிய பனிமூடியோட ஒரு கிளையான பிரெய்தாமெர்குர்யோகுல்ல, கைடோட போன குழு மேலயே ஐஸ் இடிஞ்சது. ஒருத்தர் இறந்துட்டார், இன்னொருத்தருக்குப் பலத்த காயம். கோடையில ஐஸ் குகைப் பக்கம் கூட்டிட்டுப் போன டூர் அது. கோடையில குகைங்கிறது உருகிட்டு இருக்குற கூரை. செப்டம்பர்லயும் குகை காட்டுறேன்னு சொன்னா வேண்டாம்னுடுங்க. திறந்த மேற்பரப்புல நடக்கிறது வேற கணக்கு.

நல்லவங்க சில சமயம் இடத்தையே விட்டுடுவாங்க. ஸ்காஃப்டஃபெல் பக்கத்துல ஸ்வினஃபெல்ஸ்யோகுல்னு ரொம்பப் பேர் போன பனியாறு. 2018-ல அதுக்கு மேல இருக்குற மலைச்சரிவுல நீளமா விரிசல் விட்டிருக்கு, சரிஞ்சா மொத்தமும் ஐஸ் மேலதான் விழும்னு எச்சரிக்கை வந்தது. நடைக் குழுக்கள் அங்க போறதை நிறுத்திட்டாங்க.

இப்ப உங்க இடத்துக்கு வருவோம். சோல்ஹெய்மாயோகுல், மிர்டால்ஸ்யோகுல்ங்கிற பனிமூடியில இருந்து இறங்குற நாக்கு. அந்த மூடிக்கு அடியில கட்லா எரிமலை படுத்திருக்கு. கடைசியா பெருசா வெடிச்சது 1918. ஆத்துப் பாலத்தைத் தாண்டும்போது அழுகின முட்டை வாசனை வரும். அந்த ஆத்துக்கு ஐஸ்லாந்துக்காரங்க வெச்ச பட்டப்பேரே நாத்த ஓடைதான், ஃபூலிலைக்குர்.

இன்னொரு விஷயம், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடப் பசங்க 2010-ல இருந்து வருஷா வருஷம் வந்து பனியாறு எவ்வளவு பின்வாங்கியிருக்குன்னு அளக்குறாங்க. முன்னாடி நடந்து போய் அளந்தாங்க, நடுவுல ஏரி வந்துட்டதால இப்பப் படகு வேணும். இதே பனியாறு 1969-ல இருந்து 1995 வரைக்கும் முன்னேறிட்டு இருந்ததுன்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

#7 கோமுக்போனவன்

நடுவுல ஒரு சின்ன சந்தேகம். நான் கங்கோத்ரியில இருந்து 18 கிலோமீட்டர் நடந்து கோமுக் போனேன். அதுவும் பனியாறுன்னாங்க, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கல்லும் மண்ணும்தான். ஏமாத்திட்டாங்களா?

#8 யாளி

ஏமாத்தலை. இமயத்துப் பனியாறுங்க பலதோட கீழ்ப்பகுதி இடிஞ்சு விழுந்த கல்லால மூடியிருக்கும், ஐஸ் அடியில. வாய்ல மட்டும் சாம்பல் நிறத்துல சுவர் மாதிரி தெரியும். ஐஸ்லாந்துல கல்லுக்குப் பதிலா எரிமலைச் சாம்பல், அதான் கறுப்பும் நீலமுமா இருக்கு.

#9 திண்ணைப்பேச்சு

மழைக்கோட்டு, என் மாமனாரை இதே மாதிரி நடைக்குக் கூட்டிட்டுப் போன அனுபவத்துல சொல்றேன். ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் முட்டி பேசும். வீட்டு மாடிப்படியில கையில எதையாவது தூக்கிட்டு நிதானமா இறங்கச் சொல்லிப் பாருங்க. கைப்பிடியைப் பிடிக்காம இறங்கினார்னா பிரச்சனை இருக்காது. சர்க்கரை இருக்குன்னு கைடுகிட்ட முதல்லயே சொல்லிடுங்க. பையில வேண்டாம், ஜாக்கெட் பாக்கெட்லயே பிஸ்கட், கடலை மிட்டாய் இருக்கட்டும். ஹார்னஸ் கட்டினதுக்கு அப்புறம் பையைக் கழட்டித் தேடுறது பெரிய பாடு. குளுக்கோமீட்டர் கொண்டு போனா உள்சட்டைப் பக்கம் வெச்சுக்குங்க, குளிர்ல அது வேலை செய்யாம எரர் காட்டும்.

#10 மழைக்கோட்டு

எல்லாருக்கும் நன்றி. மாடிப்படி டெஸ்ட் வெச்சேன். ரெண்டு கையிலயும் தண்ணிக்குடம் தூக்கிட்டு இறங்கிக் காட்டினார். கைடோட போறதுன்னு முடிவு பண்ணியாச்சு. வந்து எழுதுறேன்.

#11 மழைக்கோட்டு

போய்ட்டு வந்தாச்சு. சொன்ன மாதிரி எழுதிடுறேன், கொஞ்சம் பெருசு.

பாலம் தாண்டும்போது அந்த நாத்தம் வந்துச்சு. காருக்குள்ள எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம். யாளி மட்டும் முன்னாடியே சொல்லலைன்னா என் மேலதான் பழி.

முந்தின ராத்திரி பூரா மழை. காலையில தூறல், காத்து. குழுவுல பதினோரு பேர். கைடு ஒரு பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும். அப்பாவோட ஹார்னஸைக் கட்ட வந்தா, அவர் அதுக்குள்ள தானே கட்டி, பக்கிளை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்து, பட்டை முறுக்கியிருக்கான்னு விரலை உள்ள விட்டுத் தடவிட்டு நிக்கிறார். முப்பது வருஷம் கம்பத்துல பெல்ட் கட்டின கை. அப்புறம் பக்கத்துல நின்ன ரெண்டு பேரோடதையும் இழுத்துப் பார்த்தார். அதுல ஒருத்தருக்கு லூசா இருந்துச்சு. அதுக்கு மேல அந்தப் பொண்ணு அப்பாவை வரிசையில தனக்கு அடுத்த ஆளா நிக்க வெச்சுட்டா.

கிராம்பான் கட்டி முதல் பத்து அடி வாத்து நடை. அப்புறம் பழகிடுச்சு. முள்ளு ஐஸ்ல இறங்குற சத்தம் இருக்கே, பத்துப் பேர் ஒரே நேரத்துல பொட்டுக்கடலை மெல்லுற மாதிரி. படம் பார்த்துட்டு பால் மாதிரி வெள்ளையா இருக்கும்னு நெனச்சுதான் போயிருந்தேன். அங்க பாதி இடம் தார் ரோடு போட்ட மாதிரி கறுப்பு. பிளவுக்குள்ள எட்டிப் பார்த்தாதான் நீலம், அதுவும் வெயில் இல்லாத நாள்லதான் நல்லாத் தெரியுமாம்.

ஒரு இடத்துல இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் குவியல் வரிசையா நிக்குது, கூம்பு கூம்பா. எரிமலைச் சாம்பல் மேடுன்னு நெனச்சேன். கைடு கோடரி முனையால சுரண்டினா, ரெண்டு விரல்கடை சாம்பல்தான், உள்ள முழுக்க ஐஸ். சாம்பல் மெலிசா இருந்தா வெயிலை இழுத்து ஐஸைச் சீக்கிரம் உருக்கும், கனமா இருந்தா போர்வை மாதிரி காப்பாத்தும், சுத்தி எல்லாம் உருகி இறங்க இது மட்டும் நிக்கும்னு சொன்னா. நான் மொழிபெயர்க்கறதுக்குள்ள அப்பா, "ஐஸ் பார் மேல மரத்தூள் போட்டு மூடி வண்டியில கொண்டு வருவான்ல, அதானே"ன்னுட்டார். நான் அதை இங்கிலீஷ்ல சொன்னதும் அந்தப் பொண்ணு, இனிமே எல்லாருக்கும் அப்படியே சொல்றேன்னா.

மேல ஒரு ஓடையில கோடரியைக் குறுக்க வெச்சு, தண்டால் எடுக்குற மாதிரி குனிஞ்சு தண்ணி குடிக்கச் சொன்னாங்க. அப்பா அதெல்லாம் வேண்டாம்னு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டார். எப்படி இருக்குன்னு கேட்டேன். "ஒரு ருசியும் இல்ல, பல்லு மட்டும் கூசுது."

இப்ப அவமானப் பகுதி. கரிசல்மண் ரெண்டே ரெண்டு விஷயம் எழுதி வெச்சுக்கச் சொன்னார். நான் நண்பன்கிட்ட ஓசியில வாங்கின ரெயின் பேண்ட், ரெண்டு சைஸ் பெருசு. அந்த ஓடைகிட்ட அப்பாவைப் போட்டோ எடுக்கக் கையுறையைக் கழட்டினேன். ஒரு அடி பின்னாடி வெச்சேன். இடது கால் முள்ளு வலது கால் பேண்ட்ல மாட்டி, தடால். முட்டியும் உள்ளங்கையும் ஐஸ்ல. வலி அப்பத் தெரியலை, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கை எரிய ஆரம்பிச்சதும் பார்த்தா, தேங்காய்த் துருவியில தேய்ச்ச மாதிரி. கைடு மருந்து வெச்சுக் கட்டி, பேண்ட் காலை டேப் போட்டு இறுக்கிச் சுத்தி விட்டா. அப்பா ஒரு வார்த்தை திட்டலை. சிரிச்சார், அது இன்னும் மோசம்.

திரும்பினதைப் பத்திச் சொல்லணும். ரெண்டு சரிவு தாண்டி ஒரு ஐஸ் வளைவு வரைக்கும் போறது வழக்கமாம். அதுக்கு முன்னாடி படி வெட்டி வெச்சிருந்த இடத்துக்கு வந்ததும் எங்களை நிக்கச் சொல்லிட்டு அவ மட்டும் போனா. படியோட ஓரம் கரைஞ்சு கீழ தண்ணிச் சத்தம் கேக்குது. கோடரிக் காம்பால குத்திப் பார்த்தா, இன்னும் ரெண்டடி தள்ளிக் குத்தினா. திரும்பி வந்து, "இன்னிக்கு இல்லை"ன்னா. காலையில பார்த்தப்ப நல்லாத்தான் இருந்துச்சாம், ராத்திரி பெஞ்ச மழைத்தண்ணி இப்பதான் வேலையைக் காட்டுதுன்னா. எங்க குழுவுல ஒருத்தர், இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒவ்வொருத்தரா தாண்டிடலாமேன்னு ரெண்டு மூணு தடவை கேட்டார். அவ கோபப்படலை, சிரிக்கவும் இல்லை. இல்லைன்னா இல்லைதான்.

திரும்பி வரும்போது, தினமும் முதல்ல யார் ஏறுவாங்கன்னு அப்பா கேட்கச் சொன்னார். கைடுங்க காலையில முன்னாடியே போய்ப் பாதையைப் பார்த்து, உருகின படியெல்லாம் திரும்ப வெட்டுவாங்கன்னா. "அப்ப தினமும் லைன் பேட்ரோல் இருக்கு"ன்னு தலையாட்டிக்கிட்டார்.

#12 பைசாவசூல்

அப்ப முக்கியமான இடத்தைக் காட்டவே இல்லை. மூணு மணி நேரம்னு காசு வாங்கிட்டு எவ்வளவு நேரம் நடந்தீங்க? பாதிக் காசு திரும்பக் கேட்டிருக்கணும். நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்.

#13 மழைக்கோட்டு

வேற பக்கம் கொஞ்சம் சுத்திக் காட்டினா. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம் குறைஞ்சிருக்கும். கார்ல வரும்போது இதையேதான் நானும் முனகினேன். அப்பா சொன்னதை அப்படியே போடுறேன்: "ஆபீஸ்ல இருந்து எல்.சி. வரலைன்னா கம்பத்து மேல ஏறக்கூடாது. ஊரே கரன்ட் இல்லன்னு கீழ நின்னு கத்தும், கத்தட்டும். ஏறிட்டு, வேலையும் முடிச்சிட்டு வந்தவன் இருக்கான். ஏறி, வராதவனையும் நான் தூக்கியிருக்கேன். அந்தப் புள்ள எல்.சி. குடுக்கல, அவ்வளவுதான்."

எல்.சி.ன்னா லைன் கிளியர். அந்த லைன்ல கரன்ட் நிறுத்தியாச்சு, இப்ப வேலை செய்யலாம்னு குடுக்குற அனுமதி.

#14 ஒஸ்லோத்தம்பி

உங்கட அப்பாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லுங்கோ. இங்கயும் ஒருக்கா ஏரிக்கரையில வைச்சே எங்களைத் திருப்பி அனுப்பினவை, படகில கூட ஏத்தேல்லை. மனிசி கட்டிக்கொண்டு வந்த புட்டையும் சம்பலையும் மழைக்க நிண்டு சாப்பிட்டிட்டு வந்தம். காசைத் திருப்பித் தந்தவையோ எண்டு கேட்டால், தந்தவை. ஐஸில கால் வைச்ச பிறகு திரும்பினால் தரமாட்டினம் போல, எனக்குச் சரியா ஞாபகமில்லை.

#15 சும்மாஒருத்தன்

சரி சரி, எல்லாரும் என்னையே பார்க்காதீங்க. நான் போனது ஓரம் வரைக்கும்தான், ஒரு இருபது அடி இருக்கும். யாளி "இருக்குறதுலயே மோசமான இடம்"னு எழுதினதைப் படிச்சதுல இருந்து அந்த செல்ஃபியை ஜூம் பண்ணிப் பார்த்துட்டே இருக்கேன். காலுக்குக் கீழ கறுப்பா ஒரு பொந்து தெரியுது. நிழலாவும் இருக்கலாம். ஆனாலும் விலை அதிகம்தான், அதை வாபஸ் வாங்க மாட்டேன்.

#16 யாளி

போட்டோவைப் போடுங்க, பார்த்துச் சொல்றேன்.

#17 சும்மாஒருத்தன்

வீட்ல இதைப் படிக்கிறாங்க சார். வேண்டாம்.

#18 புதுவரவு

நல்ல இழை. எங்க அம்மாவுக்காகக் கேக்குறேன், வாடகை பூட்ஸ்ல நம்ம சைஸ் கிடைக்குமா? அப்பாவுக்குச் சரியா இருந்துச்சா?

#19 மழைக்கோட்டு

சைஸ் எல்லாம் இருக்கு, பொம்பளைங்களுக்கும் இருக்கு. பிரச்சனை அகலம். அப்பாவுக்கு நம்மூர்க் கணக்குல 7, அங்க 41 குடுத்தாங்க. வாழ்நாள் பூரா செருப்புப் போட்ட கால், விரல் விரிஞ்சிருக்கும், முன்னாடி இறுக்கிடுச்சு. 42 வாங்கி, தடியான கம்பளி சாக்ஸ் போட்டு, கணுக்கால்கிட்ட மட்டும் லேஸை இறுக்கிக் கட்டினோம். அம்மாவைப் போட்டுட்டுப் பார்க்கிங்குலயே பத்து நிமிஷம் சரிவுல இறங்கச் சொல்லுங்க. விரல் முன்னாடி முட்டினா உடனே மாத்திடுங்க, அப்புறம் மாத்த வழியில்லை.

நாங்க கொஞ்சம் லேட்டாதான் மாத்தினோம்னு நெனைக்கிறேன். அப்பாவுக்கு இடது சுண்டுவிரல் நகம் இன்னும் கறுப்பாத்தான் இருக்கு. வீட்டுக்கு யார் வந்தாலும் போட்டோவை விட்டுட்டு அதைத்தான் முதல்ல காட்டுறார்.